நாற்பது ஓவர்சைஸ்: ஒரு ஜோங்கா இன்ஜினின் அசல் வரலாறு

மூலக்கொத்தளம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு இடுகாடு ஞாபகம் வரும். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939இல் உயிரிழந்த நடராசனும் தாளமுத்துவும் புதைக்கப்பட்ட இடம் அது. வரலாறு படித்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரலாம்: மதில். 1769இல் ஹைதர் அலி தன் குதிரைப்படையோடு மதராஸின் வாசல்வரை வந்து, கும்பினியை ஒப்பந்தத்துக்குப் பணியவைத்துவிட்டுப் போனார். அந்தப் பயம் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதிலாக எழுந்தது. மூலையில் இருந்த கொத்தளம் ஊர்ப்பெயராகிவிட்டது. மதிலுக்கு வரி போடுவதாக எழுந்த பேச்சு வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரில் மிஞ்சியிருக்கிறது.

எனக்கு மூலக்கொத்தளம் என்றால் ஞாபகம் வருவது ஒரு போரிங் மெஷின். பேசின் பிரிட்ஜ் பக்கம் போகும் ஒரு சந்தில், பத்துக்கு இருபது அடி இடத்தில், இரண்டு லேத்தும் ஒரு போரிங் மெஷினும் வைத்திருக்கிற பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்பு நானும் நண்பனும் ஒரு குட்டியானையில் ஆறு சிலிண்டர் பிளாக் ஒன்றை ஏற்றிக்கொண்டு அங்கே போய் இறங்கினோம். இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

பட்டறைக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். பிளாக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நாலாவது சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினார். சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கீறல்.

"இன்னா தம்பி, இதுல இன்னா பண்ணணும்?"

"நல்லா பிக்கப் வரணும்ணா. ஆனா ஒரிஜினலாவும் இருக்கணும்" என்றான் நண்பன்.

அவர் சிரித்தார். பிளாக்கின் மேல்முகத்தில் ஒட்டியிருந்த கரியைத் துணியால் துடைத்தார். எண் பஞ்சால் அடித்த '20' என்ற குறி தெரிந்தது.

"பாரு, ஏற்கெனவே இருபது ஓவர்சைஸ் அடிச்சிருக்கான். ஒரிஜினல்னா எது சொல்ற? இதுக்கு முன்னாடி இருந்ததா? இல்ல, அதுக்கும் முன்னாடி இருந்ததா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி விளையாட்டாக இல்லை. இந்த இன்ஜினின் அசல் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். கட்டுரை அந்தத் தேடல்தான்.

டெட்ராய்ட், யோகோஹாமா, ஜபல்பூர்

வண்டியின் பெயர் ஜோங்கா. ஏதோ பழங்குடிப் பெயர் மாதிரி ஒலிக்கும். உண்மையில் 'ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்ப்ளி' என்பதன் சுருக்கம். 1962 சீனப் போருக்கு முந்தைய வருடங்களில், கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, ராணுவ வண்டிகளை அரசு ஆலைகளிலேயே செய்வது என்று முடிவானது. ஜெர்மனியின் மேன் நிறுவனத்தோடு கூட்டு வைத்து சக்திமான் லாரி வந்தது. ஜப்பானின் நிசானோடு கூட்டு வைத்து ஒரு டன் லாரியும் ஜோங்காவும் வந்தன. ஜோங்கா என்பது நிசான் பேட்ரோல் 60 வரிசை வண்டியின் இந்திய வடிவம். 1990களின் கடைசிவரை ஜபல்பூரில் செய்தார்கள். லடாக்கிலிருந்து ராஜஸ்தான் பாலைவனம் வரை ஓடியது. பிறகு ஏலத்துக்கு வந்து, கொடைக்கானல், வால்பாறை, குடகு எஸ்டேட்டுகள் பக்கம் ஒதுங்கியது.

அதன் இன்ஜினுக்கு நிசான் வைத்த பெயர் 'பி'. வரிசையாக ஆறு சிலிண்டர். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 85.7 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 114.3 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 3,956 சிசி.

இந்த 114.3 என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மெட்ரிக் அளவில் யோசிக்கும் ஒரு ஜப்பான்காரர் இப்படியொரு எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். 25.4ஆல் வகுத்தால் சரியாக நாலரை. நாலரை அங்குலம். அமெரிக்க அளவு.

1936வாக்கில் நிசான், டெட்ராய்ட்டின் கிரஹாம்-பெய்ஜ் நிறுவனத்திடமிருந்து ஒரு காரின் வடிவமைப்பையும் அதைச் செய்யும் இயந்திரங்களையும் விலைக்கு வாங்கி யோகோஹாமாவுக்குக் கப்பலேற்றியது. அமெரிக்காவில் அந்தக் கார் விற்பனையில் தேறவில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த கிரஹாமுக்குப் பணம் தேவை. நிசானுக்கு லாரி தேவை. வந்திறங்கிய இன்ஜின் 82.5 மில்லிமீட்டர் போரும் 114.3 ஸ்ட்ரோக்கும் கொண்ட, வால்வுகள் பக்கவாட்டில் நிற்கிற பழைய பாணி ஆறு சிலிண்டர். 3,670 சிசி. ஜப்பான் ராணுவத்தின் நிசான் லாரிகளை இழுத்தது அதுதான்.

போர் முடிந்தது. ஜப்பான் தோற்றது. இன்ஜின் தோற்கவில்லை. 1951இல், கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, நிசான் முதல் பேட்ரோல் வண்டியைச் செய்தது. அதில் அதே 3,670 சிசி இன்ஜின். பிறகு போரை 82.5லிருந்து 85.7க்கு அகலப்படுத்தினார்கள், ஸ்ட்ரோக்கைத் தொடவில்லை. 3,956 வந்தது. 1959இல் பக்கவாட்டு வால்வுகளை எடுத்துவிட்டு, தலைக்கு மேலே வால்வு வைக்கும் புது ஹெட்டைப் போட்டார்கள். அதுதான் 'பி'. ஆக, நிசான் செய்தது என்ன? போர் பெரிசு பண்ணி, ஹெட் மாற்றியது. இன்று ஒரு பையன் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து என்ன செய்யச் சொல்வானோ, அதையேதான் ஒரு பெரிய நிறுவனம் இருபது வருடத்தில் நிதானமாகச் செய்தது.

நிசான் மட்டும் இல்லை. டொயோட்டாவின் 1930களின் முதல் இன்ஜின், செவ்ரோலெட்டின் ஆறு சிலிண்டரைப் பிரித்துப் பார்த்து உருவானது. லேண்ட் குரூசருக்கு முன்னோடியான பிஜே ஜீப்பில் இருந்தது அந்த வம்சம்தான். உலகத்தின் பாலைவனங்களையும் காடுகளையும் கடந்த ஜப்பானிய ஜீப்புகளின் நெஞ்சுக்குள் துடித்தவை, அமெரிக்கக் குடும்பக் கார்களின் பேரப்பிள்ளைகள்.

ஏன் ஆறு, ஏன் வரிசை?

நாலு சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது ஒன்றின் உதறலை இன்னொன்று முழுதாகச் சமன் செய்வதில்லை. ஒரு மிச்ச நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். வரிசையான ஆறில் அந்த மிச்சம் கிடையாது. கிராங்க் ஷாஃப்ட்டை நடுவில் இரண்டாக மடித்துப் பார்த்தால் ஒரு பாதி இன்னொரு பாதியின் கண்ணாடிப் பிம்பம்: ஒன்றும் ஆறும் ஜோடி, இரண்டும் ஐந்தும் ஜோடி, மூன்றும் நாலும் ஜோடி. ஜோடிகள் 120 பாகை இடைவெளியில் நிற்கின்றன. விசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். இயங்கிக்கொண்டிருக்கும் நல்ல ஆறு சிலிண்டர் இன்ஜின்மீது ஒரு ரூபாய் நாணயத்தை நிமிர்த்தி வைத்துக் காட்டுகிற வித்தையை மெக்கானிக்குகள் செய்வது அதனால்தான்.

கரடுமுரடான பாதையில் இதற்கு ஒரு பயன் உண்டு. கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் மூன்று வெடிப்பு. ஆகவே இன்ஜின் ஆமை வேகத்தில் சுற்றினாலும் இழுவை விட்டு விட்டு வராது. பாறைமேல் டயர் மெதுவாக ஏறும்போது கிளட்சைக் கருக்க வேண்டியதில்லை. நீண்ட ஸ்ட்ரோக்கும் இந்த இழுவைக்கு ஒத்துப்போகிறது.

குறைகளும் அதே வடிவத்திலிருந்து வருகின்றன. கிராங்க் நீளமாக இருப்பதால் வேகம் கூடும்போது துணி பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். ஜோங்காவில் ஆறு சிலிண்டருக்கும் நடுவில் ஒரே ஒரு கார்புரேட்டர். பந்தியில் நடு இலைக்குச் சாம்பார் சீக்கிரம் வரும், ஓரத்து இலைக்குத் தாமதமாக வரும். பிறகு அந்த நீண்ட ஸ்ட்ரோக். கணக்குப் போட்டால், நிமிடத்துக்கு 3,200 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 12 மீட்டர். 4,500 சுற்றுக்கு விரட்டினால் 17 மீட்டர். வேகம்தான் ஒன்றரை மடங்குக்கும் குறைவாகக் கூடுகிறது. பிஸ்டனும் கனெக்டிங் ராடும் பேரிங்கை இழுக்கும் விசையோ கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். 'பிக்கப் வேணும்' என்ற இரண்டு வார்த்தைக்கு இந்த இன்ஜின் கேட்கும் விலை அந்தக் கணக்கில் இருக்கிறது.

பிக்கப்பைக் குறைக்கக் கற்றுக்கொண்ட ஊர்

இன்ஜினை மாற்றியமைப்பது என்றால் நாம் யூட்யூபில் பார்க்கும் அமெரிக்கப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டில் அது பசியில் ஆரம்பித்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன். இங்கே பஸ்ஸும் லாரியும் பெரும்பாலும் செவ்ரோலெட், டாட்ஜ், ஃபார்கோ மாதிரியான அமெரிக்க பெட்ரோல் வண்டிகள். செவ்ரோலெட் 1929இலிருந்தே ஆறு சிலிண்டருக்கு மாறியிருந்தது. பெட்ரோல் இல்லை என்றதும் பஸ்ஸின் பின்னால் ஒரு இரும்பு உலையைக் கட்டினார்கள். மரக்கரியைக் குறைந்த காற்றில் புகையவிட்டு, அதில் வரும் கார்பன் மோனாக்சைடை வடிகட்டி இன்ஜினுக்குள் அனுப்பினார்கள். கரிவாயு பஸ். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் இந்த உலைகளைச் செய்து விற்றது. கரிவாயுவில் பெட்ரோலின் சத்து கிடையாது. இன்ஜினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். போனதில் கொஞ்சத்தை மீட்க அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், தீப்பொறி விழும் நேரத்தை முன்னால் தள்ள வேண்டும். அழுத்தம், தீப்பொறி நேரம், எரிபொருள் கலவை: இன்றைய டியூனிங்கின் மூன்று பாடங்களும் அங்கே இருக்கின்றன. பயணிகள் இறங்கித் தள்ளிய மேடுகளில் மெக்கானிக்குகள் அவற்றைக் கற்றார்கள்.

போர் முடிந்ததும் ராணுவ வண்டிகள் டிஸ்போசல் ஏலத்துக்கு வந்தன. உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்கா அரை மில்லியனுக்கும் மேல் செய்து குவித்த ஜிஎம்சி ஆறு சக்கர லாரிகளில் இருந்தது 270 கன அங்குல, வரிசை ஆறு இன்ஜின். கலிஃபோர்னியாவில் போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் அந்த லாரி இன்ஜின்களைச் சல்லிசாக வாங்கி, வறண்ட ஏரிப்படுகைகளில் வேகச் சாதனை செய்யும் கார்களில் பொருத்தினார்கள். அந்த இன்ஜின்களில் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரே மூச்சுக்குழாயைப் பங்குபோட்டுக்கொள்ளும். வேய்ன் ஹார்னிங் என்பவர் அந்தப் பங்காளிச் சண்டையைத் தீர்க்க, ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி உள்வழி, தனித்தனி வெளிவழி என்று பன்னிரண்டு வழி ஹெட் ஒன்றைச் செய்து விற்றார். லாரி இன்ஜின் பந்தய இன்ஜினானது.

இங்கே அதே மாதிரி டிஸ்போசல் வண்டிகளுக்கு வேறு தலைவிதி. பெட்ரோல் குடிக்கும் லாரியை வைத்து முதலாளி பிழைக்க முடியாது. டீசல் வேண்டும். இங்கிலாந்தின் பெர்கின்ஸ் 1937இல் கொண்டுவந்த பி6, இதற்கென்றே பிறந்த மாதிரி இருந்தது: வரிசை ஆறு, 4.73 லிட்டர், பெட்ரோல் லாரியின் பானெட்டுக்குள் அடங்கும் உருவம். 1840இல் குதிரை வண்டி கட்டுவதில் தொடங்கிய சிம்சன் நிறுவனம், 1950களில் வடசென்னையின் செம்பியத்தில் பெர்கின்ஸ் இன்ஜின்களைச் செய்ய ஆரம்பித்தது. ஒரு வண்டியின் இருதயத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும் வேலை, மவுண்டிங், பெல் ஹவுசிங், ஷாஃப்ட் நீளம் என்று அதன் அத்தனை சில்லறைச் சிக்கல்களோடும், இந்தப் பகுதிப் பட்டறைகளின் அன்றாடமானது.

கடற்கரையோரமாக இன்னும் வடக்கே போனால் எண்ணூர். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு லேலண்டோடு சேர்ந்து, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் காமெட் லாரிகளில் இருந்ததும் வரிசை ஆறுதான். இன்ஜினின் பெயரே அதன் கன அங்குலக் கணக்கு: 350, 370, 400. எண் ஏற ஏற கொள்ளளவும் ஏறுகிறது. இழுவை கேட்கும் ஊருக்கு ஏற்ப ஆலையும் அதே இன்ஜின் குடும்பத்தின் வயிற்றைப் பெரிதாக்கிக்கொண்டே போனது. ராணுவத்துக்காகச் செய்த ஹிப்போவும், பிற்காலத்து ஸ்டாலியனும் எண்ணூர் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் டீசல்களோடு சாலை இல்லாத இடங்களுக்குப் போயின.

எங்கள் பட்டறைக்காரர் பதினாலு வயதில் கற்றது லேலண்ட் 370இல்தான். "அப்போ மாசத்துக்கு நாலு இன்ஜின் இறக்குவோம். லோடு ஏத்தி ஏத்தி சாவடிச்சிருப்பான். போர் அடிச்சு, கிராங்க் கிரைண்ட் பண்ணி அனுப்புவோம். திரும்ப ரெண்டு வருஷத்துல வரும்." செம்பியத்திலும் எண்ணூரிலும் ஆலைகள் இன்ஜின்களைப் பிறக்கவைத்தன. அவற்றை மறுபடி மறுபடி உயிர்ப்பித்தது இந்தச் சந்துகள்.

வேகத்துக்கான ஆசையும் இந்தப் பக்கம் இல்லாமல் இல்லை. மூலக்கொத்தளத்திலிருந்து ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்தால் செங்குன்றம் தாண்டிச் சோழவரம். போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று அங்கே சும்மா கிடந்தது. 1950களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வரும்வரை தென்னிந்திய மோட்டார் பந்தயத்தின் தலைநகரம் அதுதான். இறக்குமதி கெடுபிடி இருந்த நாடு. பந்தய உதிரிபாகம் கடையில் கிடைக்காது. வீட்டுக் காரின் இன்ஜினைத்தான் கடைந்து, செதுக்கி, எடை குறைத்து ஓட்ட வேண்டும். ஓட்டியவர்கள் பெயர் பத்திரிகையில் வந்தது. கடைந்தவர்கள் பெயர் வரவில்லை.

எங்கள் தவறு, அவருடைய வைத்தியம்

இப்போது அந்த நாலாவது சிலிண்டர் கீறலுக்கு வருகிறேன்.

ஜோங்கா வாங்கியவர்களில் பலர் முதலில் செய்வது பெட்ரோல் ஆறைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, ஏதாவது ஒரு டீசலை வைப்பது. குறை சொல்ல முடியாது. லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் ஓடுகிற வண்டியை யார் வைத்துச் சமாளிப்பது? நண்பன் பிடிவாதமாக ஆறை வைத்துக்கொண்டான். ஆனால் அவனுக்கு அதில் பிக்கப் போதவில்லை. ராணுவம் வைத்திருந்த சுமார் 110 குதிரைத்திறன் அவனுக்குச் சோம்பலாகத் தெரிந்தது. ஜப்பானில் நிசானே இதே கொள்ளளவில் 125, பிறகு 145 என்று அறிவித்திருந்தது அவன் ஆசையைக் கிளப்பிவிட்டது.

வேறொரு பட்டறையில் யோசனை சொன்னார்கள்: ஹெட்டை ஃபேஸிங் போட்டுச் சீவிவிட்டால் அழுத்தம் கூடும், பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும். செலவும் குறைவு. சீவினார்கள். எவ்வளவு சீவினார்கள் என்று யாரும் அளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு வாரம் வண்டி பறந்தது. பிறகு மேடு ஏறும்போது உள்ளே கல்லைக் குலுக்குகிற மாதிரி 'டக டக' சத்தம். கலவை, தீப்பொறி மூட்டிய தீ வந்து சேருமுன் தானாக வெடிக்கிற சத்தம் அது. எங்களுக்கு அது வீரியத்தின் சத்தமாகக் கேட்டது. நாலாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பு உடைந்து, துண்டு சுவரைக் கிழித்துவிட்டது.

எந்த டிப்போவில் எந்தத் தரத்தில் பெட்ரோல் கிடைத்தாலும் ஓட வேண்டும் என்று அழுத்தம் குறைவாக வைத்த இன்ஜின் அது. அந்தக் குறை வேண்டுமென்றே வைத்த குறை. அது தெரியாமல் அதைத் திருத்தப் போனோம்.

மூலக்கொத்தளத்துப் பெரியவர் முதல் வாரம் எதையும் கழற்றவில்லை, கடையவில்லை. அளந்தார். ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக. ஆறு சிலிண்டருக்கு 36 அளவு. கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் எழுதினார். "அளக்காம வாய வெக்கக் கூடாது தம்பி. இரும்பு ஒருவாட்டி போனா போனதுதான்."

கீறலைப் போக்க இருபதிலிருந்து நாற்பது ஓவர்சைஸுக்குப் போக வேண்டும் என்றார். நாற்பது என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு. சுமார் ஒரு மில்லிமீட்டர். அசல் அளவிலிருந்து பார்த்தால் மொத்தக் கொள்ளளவு 3,956லிருந்து 4,050 சிசிக்கு ஏறும். கூடுவது 94 சிசி. ஒரு எக்ஸ்எல் 100 மொபெட்டின் இன்ஜின் அளவுகூட இல்லை. போர் அடித்தால் பவர் வரும் என்பது கடைத்தெரு நம்பிக்கை; இரண்டரை சதவீதத்துக்கும் கீழேதான் வரும். போர் அடிப்பது நோய்க்கு மருந்து. சத்து வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

அந்த வேறு இடம், மூச்சு. இன்ஜின் என்பது காற்றை இழுத்து விடுகிற பம்ப். தடையில்லாமல் எவ்வளவு காற்று போய் வருகிறதோ அவ்வளவு சக்தி. சீவப்படாத இன்னொரு ஹெட்டைத் தேடிப் பிடித்தோம். அதன் வழிகளில் வார்ப்பு விட்டுச்சென்ற முண்டுகளை அவர் சின்னக் கல்லால் தேய்த்தெடுத்தார். பளபளப்பாக்கவில்லை, வழியைப் பெரிதாக்கவும் இல்லை. வால்வு உட்காரும் இடங்களில் புது சீட் வளையங்களை இறக்கினார். இதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்துப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம், வால்வும் இரும்பும் ஒன்றோடொன்று மோதித் தேயாமல் நடுவில் மெத்தையாக இருந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் இந்தியா முழுக்க ஈயப் பெட்ரோல் கிடையாது. நம் குழந்தைகளின் ரத்தத்துக்கு நல்லது, பழைய இன்ஜினின் வால்வுக்குக் கெட்டது. அதனால் உறுதியான சீட் போட்டே ஆக வேண்டும். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்திருப்பதால் பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் மாற்றினோம். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறிப்போய்விடும்.

ஆறு பிஸ்டனையும் தராசில் வைத்து, கனமானவற்றின் உள்பக்கத்திலிருந்து துளித் துளியாகக் கடைந்து, எல்லாவற்றையும் லேசானதன் எடைக்குக் கொண்டுவந்தார். ராடுகளுக்கும் அப்படியே. ஹெட்டின் ஆறு குழிகளிலும் ஊசிபோடும் சிரிஞ்சால் எண்ணெய் விட்டு, எந்தக் குழி எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்துச் சமப்படுத்தினார். சமநிலை என்பது இந்த இன்ஜினின் பிறவிக் குணம்; அவசர வார்ப்பிலும் நாற்பது வருட ஓட்டத்திலும் தேய்ந்துபோன அந்தக் குணத்தை அவர் திருப்பிக் கொடுத்தார்.

புகைக்குழாயில்தான் உண்மையான மாற்றம். ஆறு சிலிண்டர் வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. உற்றுப் பார்த்தால் முன்பாதியில் ஒன்று, பின்பாதியில் ஒன்று என்று மாறி மாறி வரும். ஆகவே முன் மூன்றுக்கு ஒரு குழாய், பின் மூன்றுக்கு ஒரு குழாய் என்று பிரித்தால், ஒவ்வொரு குழாயிலும் புகை சம இடைவெளியில் போகும். ஒன்றின் புகை இன்னொன்றின் வாயில் திரும்பப் போகாது. குழாய் வளைக்கும் பட்டறை ஒன்றில் அதைச் செய்து, பழைய போல்ட் ஓட்டைகளிலேயே பொருத்தினார். பழையதைச் சாக்கில் சுற்றி நண்பனிடம் கொடுத்தார். "இத தூக்கிப் போட்றாத. நாளைக்கு எவனாச்சும் பழசே வேணும்னு சொல்வான்."

அப்போதுதான் அவருடைய கணக்கு எனக்குப் பிடிபட்டது. அவர் மனதில் இரண்டு பட்டியல் இருந்தது. திரும்பப் போகக் கூடியவை ஒரு பக்கம்: குழாய், கார்புரேட்டரின் ஜெட், தீப்பொறி நேரம், ஹோஸ். திரும்பப் போக முடியாதவை இன்னொரு பக்கம்: சீவிய ஹெட், கடைந்த சுவர், மெலிந்த இரும்பு. முதல் பட்டியலில் ஆசைக்கு இடம் கொடுத்தார். இரண்டாவதில் அவசியத்துக்கு மட்டும்.

சட்டத்தின் அசல்

வண்டி ஓடுகிறது. குதிரைத்திறன் எவ்வளவு என்று நாங்கள் எங்கேயும் கொடுத்து அளக்கவில்லை. செங்குன்றம் பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறுகிறது, சூடாகவில்லை, ஆயில் குடிக்கவில்லை. பெரியவர் ஒருமுறை ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு "மூச்சு வாங்குது நல்லா" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அசல் பற்றிய கேள்வி முடியவில்லை. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரித்தவர் சொன்ன அளவீடுகளிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. கண்ணை உறுத்தும் விளக்கும் காதைக் கிழிக்கும் சைலன்சரும் மாட்டித் திரியும் வண்டிகளை நினைத்தால் அது தேவையான சட்டம்தான். 2021இல் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை வந்தது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டி, அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் அரசு வண்டிகளுக்குப் பதினைந்து வருடம்தான் ஆயுள். அதன் பிறகு பழைய இரும்புதான்.

இந்த விதிகளின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவை மனதில் வைத்திருக்கும் 'அசல்' என்ற சொல்லுக்கு ஆலையின் வாசலோடு வரலாறு முடிந்துவிடுகிறது. ஆலைக்கு வெளியே நடந்ததெல்லாம் சிதைவு. இந்த இன்ஜினை அப்படிப் பார்த்தால், அசல் டெட்ராய்ட்டில் இருக்க வேண்டும். அங்கே அது விலைபோகாத காரின் இன்ஜின். அதை உலகம் சுற்றவைத்தது, போரை அகலப்படுத்தி, ஹெட்டை மாற்றி, பெயரை மாற்றிய கைகள். யோகோஹாமாவில் அந்தக் கைகளுக்குப் பொறியாளர் என்று பெயர், வரைபடத்தில் கையெழுத்து உண்டு. ஜபல்பூரில் ஆலைத் தொழிலாளி என்று பெயர், சம்பளப் பதிவேட்டில் எண் உண்டு. மூலக்கொத்தளத்தில் அதே வேலையைச் செய்யும் கைக்கு ஒரு கட்டம் போட்ட நோட்டு மட்டும் இருக்கிறது.

அந்த நோட்டும் எவ்வளவு நாள் என்று தெரியவில்லை. "இப்பல்லாம் புது இன்ஜினுக்கு போர் அடிக்கிறதே இல்ல தம்பி. பிளாக்கையே மாத்திடறான்" என்றார் பெரியவர். அவருடைய மகன் கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். போரிங் மெஷினை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, எடைக்குக் கேட்கிறார்கள். 36 இடத்தில் அளக்கும் பொறுமை எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறாமல் அந்த மெஷினோடு போகக்கூடும்.

பிளாக்கைக் கொண்டுபோக வந்த நாளில், எண் பஞ்சையும் சுத்தியலையும் எடுத்து, பழைய '20'க்குப் பக்கத்தில் '40' அடித்தார். எதற்கு இது, வெளியே தெரியப்போவதில்லையே என்று கேட்டேன்.

"அடுத்து எறக்குறவனுக்குத் தெரியணும்ல. இதுக்கு மேல அடிக்காத, ஸ்லீவ் போடுன்னு."

நண்பனின் ஜோங்காவுக்கு ஐம்பது வயதாக இன்னும் சில வருடம் இருக்கிறது. அப்போது அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கும். இன்ஜினில் மாற்றம் செய்யப்பட்டுள்ளதா என்று கேட்பார்கள். நான் அவனை உண்மையே எழுதச் சொல்லியிருக்கிறேன்: இருபது, முன்பு யாரோ ஒரு ராணுவ மெக்கானிக். நாற்பது, மூலக்கொத்தளம்.